பச்சைப் பொத்தான்

எங்கள் சொந்தத்தில் முதலில் செல்போன் வாங்கியவர் என் தாய்மாமா. கணபதி என்ற ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தார். பேசுவதற்கென்று வாங்கியதாகச் சொல்ல முடியாது. கல்யாண வீடுகளில் நாலு பேர் பார்க்கட்டும் என்று, ஏரியல் வெளியே தெரியச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு பிடித்த காலம். அதனால் எடுக்கவே மாட்டார்.

அந்தப் போனுக்கு உருப்படியான ஒரு வேலை கொடுத்தது என் சின்ன வயதுப் பயம்தான். அப்பா லாரி ஓட்டினார். அவர் போய்ச் சேர்ந்தது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே ஓர் ஏற்பாடு. போன ஊரின் பூத்திலிருந்து அப்பா கூப்பிடுவார், இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிடுவார். மாமா எடுக்கக் கூடாது. எடுத்தால் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் அந்த மணிக்காகப் பட்டறையில் காத்திருந்தேன்; மாமா கை கழுவப் போயிருந்தபோது மேசையில் போன் அடித்தது. குரலையும் கேட்டுவிட்டால் இன்னும் நிம்மதி என்று பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

“என்னாச்சுங்க மச்சான்?”

அப்பாவின் குரல் நடுங்கியது. பதறிச் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்ததில் போனே அணைந்துபோனது.

தாராபுரத்தில் பாதி இறக்கிய மோட்டார் லோடை அப்படியே விட்டு, பஸ் பிடித்துப் பட்டறைக்கு வந்து நின்றார் அப்பா. என்னைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். லோடை விட்டுவந்தது தெரிந்து பின்னாலேயே வந்த லாரி முதலாளி, இனி வண்டியைத் தொட வேண்டாம், சாவியைக் கொடு என்றார்.

மாமா குறுக்கே வந்தார். “அவர வையாதீங்க. நாந்தானுங்க தெரியாம அமுக்கிப்போட்டேன். வாங்கி ஆறு மாசமாச்சு, எந்தப் பொத்தான் எதுக்குன்னு இன்னும் புடிபடலீங்க.”

“அப்பறம் எதுக்குங்க பாக்கெட்டுல கொடி நட்டுட்டுத் திரியறீங்க?” என்றார் முதலாளி. பட்டறையே சிரித்தது, நானும் சிரித்தேன். தானும் சிரித்த பிறகு முதலாளியால் கோபத்தைத் தொடர முடியவில்லை. சாவி அப்பாவிடமே இருந்தது.

அதன்பின் விசேஷங்களில் மாமாவைக் கண்டால், “பச்சை எது, சிவப்பு எதுன்னு தெரிஞ்சுதுங்களா?” என்பார்கள். மாமா போனை வெளியே காட்டுவதையே விட்டுவிட்டார்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான், எனக்கே பொத்தான்கள் பிடிபட்டுவிட்டன. இப்போது வெளியூரில் இருக்கும் மகள் சாப்பிட்டாளா என்று கேட்க நாளுக்கு நாலு முறை பச்சையை அமுக்குகிறேன். ஒவ்வொரு முறையும் மாமாவை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை. மறுநாள் போனை என் கையிலேயே கொடுத்து, “மணி அடிச்சா நீயே கேட்டுக்க கண்ணு. பச்சைய மட்டும் தொட்டுப்போடாத,” என்றார் மாமா. நான் அமுக்கியது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது என்ற சந்தோஷத்தில் தலையை ஆட்டினேன்.