இடது கன்னம்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளை எல்லோரும் பவுடரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ.

அரசுப் பணத்தில் ஓடுகிற நிலையம். விளம்பரம் கிடையாது, நட்சத்திரங்கள் கிடையாது, ஏசி உண்டு, ஆனால் ஓடாது. அதற்கிருந்த ஒரே பெருமை, வாரம் ஒருமுறை நேரலையாகப் போகும் ‘நாங்களும் இந்த ஊர்தான்’ நிகழ்ச்சி. நகரத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்து பாடவும் ஆடவும் பேசவும் விடுவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் மேளக்குழு வந்தது. போருக்குத் தப்பி வந்து தையல்கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள் தங்கள் நாட்டு நடனத்தை ஆடினார்கள். காது கேளாதவர்கள் கையாலேயே ஒரு நாடகம் போட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார்கள். யாராக இருந்தாலும் முதலில் பவுடரம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் ஊருக்கு முகம் காட்ட முடியும்.

மேக்கப் அறை சின்னது. சுவர் நிறையக் கண்ணாடி, அதைச் சுற்றி மஞ்சள் பல்புகள். அங்கே யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை; எல்லாப் பேச்சும் கண்ணாடி வழியாகத்தான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், கண்ணை மூடும், மெல்ல மிதக்கிற மாதிரி இருக்கும், போய்விடும். வீட்டில் தூங்கும்போதும் பவுடரம்மாவுக்கு அவை வந்துகொண்டிருந்தன. உடம்பில்லாத முகங்கள், பயப்படுத்தாத முகங்கள். கனவிலும் அவள் சொல்வது ஒன்றேதான்: “ஆடாம இருங்க.” பக்கத்தில் படுத்திருக்கும் புருஷன் ஆடாமல் படுத்துக்கொள்வார். பாவம், பழகிவிட்டது.

இத்தனை முகங்களைத் தொட்ட கை, சொந்த மகளின் முகத்தை விட்டுவிட்டது. அதுதான் அவள் கதை.

மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். வேறு மொழி, வேறு சாமி. வாராவாரம் அந்தச் சனங்களைப் போன்றவர்களின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, அதே சனம் சம்பந்தியாக வருவது தாங்கவில்லை.

“ஊர்ல இருக்கிற எல்லாரையும் தொட்டுத் தொட்டுப் பூசறே. என் புருஷன் மட்டும் ஆகாதாம்மா?” என்று மகள் கேட்டாள்.

“இனிமே என் மூஞ்சில முழிக்காதே” என்று மட்டும் அம்மாவுக்கு வாயில் வந்தது. மகளும் அம்மாவைப் போலவே பிடிவாதக்காரி. வருடங்கள் ஓடின. அப்பா மட்டும் மொட்டைமாடிக்குப் போய் ரகசியமாக போன் பேசுவார். கீழே நின்று அதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி இவள் அரிசி களைவாள்.

அன்றைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பாடகர் குழு வந்தது. ஒரு முகத்தை முடித்து அனுப்பிவிட்டு, “அடுத்த ஆள் வாங்க” என்று ஸ்பாஞ்சை நனைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். கண்ணாடியில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. அம்மாவின் மூஞ்சியில் முழிக்கவில்லை, கண்ணாடியில்தான் முழித்தாள்.

பவுடரம்மாவுக்குப் பேச வேண்டும் என்று ஆசை, பேசினால் உடைந்துபோவோம் என்று பயம். “கண்ணை மூடிக்குங்க” என்றாள், யாரோ எவரோ போல. மகள் மூடிக்கொண்டாள்.

வலது பக்கம் நின்று நெற்றி, மூக்கு, வலது கன்னம் எல்லாம் பூசினாள். தோல் கொஞ்சம் காய்ந்திருந்தது. சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது. பிறகு இடது பக்கம் வந்தாள். அங்கே அந்தத் தழும்பு இருந்தது. தவழ்கிற வயதில் அம்மாவின் மேக்கப் பெட்டியைப் பிடித்து எழுந்து, அதன் தகர விளிம்பிலேயே கன்னத்தைக் கிழித்துக்கொண்டது. ஊரார் தழும்புகளை எத்தனையோ மறைத்த கை இந்த ஒன்றின் மேல் போகமாட்டேன் என்றது. கடைசியில் பூசிக்கொள்ளலாம் என்று உதட்டுக்குப் போனாள். அதற்குள் ஃப்ளோர் மேனேஜர் கதவைத் தட்டி, “பவுடரம்மா, நேரமாச்சு, எல்லாரையும் அனுப்புங்க!” என்று கத்தினார். மகள் எழுந்தாள். கதவருகே ஒரு கணம் தயங்கினாள். அம்மா மூடியில்லாத டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். மகள் போய்விட்டாள்.

முதல் பாட்டு தொடங்கியது. அறைச் சுவரில் இருந்த மானிட்டரில் பவுடரம்மா பார்த்தாள். பாஷை புரியவில்லை, ஆனால் ஆற்றில் படகு போவது போல் பாட்டு போனது, அவளும் கூடவே போனாள். திடீரென்று மகளின் முகம் திரை முழுக்க வந்தது. வலது பக்கம் மெழுகிய மாதிரி இருந்தது. இடது பக்கம் எண்ணெய் வழிந்தது, தழும்பு பளபளத்தது. பாதி முகத்துக்குத்தான் பூசியிருந்தாள்!

ஃப்ளோர் மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? அடுத்த பாட்டை அந்தப் பொண்ணு தனியாப் பாடணும்!”

இரண்டு பாட்டுக்கும் நடுவில் குழுவைப் பற்றி ஒரு குறும்படம் ஓடும். அது ஓடும்போது மட்டும் ஸ்டுடியோவுக்குள் போய்ச் சரிசெய்யலாம். பவுடரம்மா ஸ்பாஞ்சும் கையுமாக ஓடினாள்.

உள்ளே கண்ணாடி இல்லை. மகள் நேரெதிரே நின்றாள், விளக்குச் சூட்டில், அவ்வளவு பக்கத்தில். மோவாயைப் பிடித்துக் கன்னத்தைத் திருப்பித் தழும்பின் மேல் அம்மா ஸ்பாஞ்சை வைத்து ஒற்றினாள். குறும்படம் முடிந்ததும், கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவளுக்குத் தெரியவே இல்லை. மகளின் சட்டையில் இருந்த மைக் எல்லாவற்றையும் ஊருக்கு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

“ஆடாம நில்லுடி. எத்தனை தடவை சொல்றது?”

“எங்கேம்மா சொன்னே? நீதான் இவ்வளவு வருஷமா பேசவே இல்லையே.”

“தப்புதான். வீட்டுக்கு வா. அவரையும் கூட்டிக்கிட்டு வா.” அம்மா மறுபடி தழும்பை ஒற்றினாள். “அழாதேடி, பவுடர் போயிடும்.”

“நீதாம்மா அழறே. உனக்குப் போறதுக்கு அதுவும் இல்ல.”

அப்போதுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். காலமெல்லாம் ஊருக்குப் பூசியவள், ஒரு பொட்டுப் பவுடர்கூட இல்லாத முகத்தோடு ஊர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஓடிவிடத்தான் பார்த்தாள். மகள் ஸ்பாஞ்சோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

பாட்டு முடிகிறவரை பவுடரம்மா ஆடாமல் நின்றாள்.