பஸ் விடச் சனம் காணாத ஊர்

என் வெள்ளைச் சீருடையில் எப்போதும் கருவாட்டு வாசம் அடிக்கும். உம்மா எத்தனை தடவை தோய்த்துப் போட்டாலும் அது போகாது. மாம்புரிக்கு அப்பால் உப்புநீர்க் களப்போரமாக ஒதுங்கிக் கிடந்த எங்கள் ஊரிலிருந்து பிரதான வீதிக்கு வர, மழை பெய்தால் முழங்கால்வரை சேறாகும் பாதை ஒன்றுதான் இருந்தது. அதில் பஸ் ஓடாததால் கற்பிட்டியில் படித்த பிள்ளைகள் எல்லோரும் கருவாட்டு லொறியின் பின்னால் சாக்குகளின்மேல் உட்கார்ந்தே பள்ளிக்கூடம் போனோம். வகுப்பில் எங்களுக்குக் "கருவாட்டுப் பார்ட்டி" என்று பெயர்.

ஊரில் சனத்துக்குக் குறைவில்லை. தொண்ணூறில், யுத்தத்துக்கு நடுவே, முஸ்லிம்கள் என்பதற்காக மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து தென்னங்கிடுகுக் கொட்டில் போட்டவர்கள், அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் கலியாணமும் செய்துவைத்திருந்தார்கள். ஆனால் எல்லோருடைய குடியிருப்புப் பதிவும் மன்னாரிலேயே இருந்தது. "திரும்பிப் போற ஊருதானே, பேரை இங்க மாத்தினா அங்க உள்ள காணியும் போயிரும்" என்பார் வாப்பா. அந்தப் பயத்தில் பிழையில்லை. அதைச் சாட்டாக வைத்து, இங்கே மனிதரே இல்லை என்று அரசாங்கம் முடிவுகட்டியதுதான் பிழை.

யுத்தம் முடிந்த மறுவருடம், மார்கழியில், என் மூத்தவள் ராத்தாவுக்குச் சாதாரண தரப் பரீட்சை. அதில் கணிதம் தேறாவிட்டால் மேலே உயர்தரம் படிக்க முடியாது. கணிதப் பாடத்தன்று கடல் கொந்தளித்துத் தோணிகள் இறங்கவில்லை, ஏற்றச் சரக்கில்லையென்று லொறியும் வரவில்லை. ராத்தாவின் சப்பாத்தை நான் கையில் பிடித்துக்கொள்ள, இருவரும் சேற்றில் நடந்தோம். பிரதான வீதிக்கு வந்தபோது முதல் பஸ் நிறைந்து வழிந்தபடி நிற்காமலே போனது. அடுத்ததில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பரீட்சை மண்டபக் கதவு அடைத்திருந்தது. நேரம் கடந்துவிட்டது, உள்ளே விட முடியாது என்றார்கள். ராத்தா அழவில்லை. சேறு காய்ந்த காலோடு வாசற்படியில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் எழுதி முடித்து வெளியே வரும்வரை அசையாமல் இருந்தாள்.

மறுநாள் உம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பஸ் கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனா. அங்கிருந்த ஐயா கோப்பைப் புரட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இந்த ஊருக்கு பஸ் விட சனம் காணாதும்மா, பதிவுல ஆள் போதாது. உங்கட பேரே இங்க இல்லயே."

"பேர் இல்லாட்டி என்ன சேர், ஆள் நிக்கிறன்தானே?" உம்மா எங்கள் இருவரையும் முன்னால் தள்ளிவிட்டா. "இந்த ரெண்டு புள்ளயளும் இங்கதான் பொறந்த. இவங்க சனம் இல்லயா?"

அவர் கோப்பை மூடினார்.

அன்று பின்னேரமே உம்மா ஒரு கொப்பியோடு வீடு வீடாக ஏறி இறங்கினா. உம்மாவுக்கு எழுத வராது. ஊரிலிருந்த எல்லோருடைய பெயர்களையும் நான் எழுதினேன். முந்தின நாள் பிறந்து இன்னும் பெயர் வைக்காத குழந்தையைக்கூட "இன்னாரின் மகள்" என்று எழுதவைத்தா. பெண்கள் எல்லோரும் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைத்தார்கள். அந்தக் கொப்பியோடு உம்மா எத்தனை கந்தோர்ப் படிகள் ஏறினா என்று எனக்கு நினைவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, காலை ஒன்றும் பின்னேரம் ஒன்றுமாக பஸ் வந்தது. நான் அதில்தான் போய் உயர்தரம் படித்தேன். ராத்தா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். திரும்ப எழுதச் சொல்லிக் கெஞ்சினோம். "அந்தக் கதவுக்கு முன்னால இன்னொருக்கா என்னால நிக்கேலா" என்றுவிட்டாள்.

பிறகு சில குடும்பங்கள் மன்னாருக்குத் திரும்பிப் போயின. காடு மூடிய காணியில் திரும்பவும் கொட்டில் போட்டார்கள். அங்கும் பஸ் இல்லையாம்.

போன மாதம் ஊருக்குப் போனேன். கருவாடு காயப்போடும் வாடியும் இல்லை, லொறியும் இல்லை. ராத்தாவின் மகள் இந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள். விடியமுன் எழும்பிப் பிரதான வீதிக்கு நடக்கிறாள். பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். சனம் குறைந்துவிட்டது என்று கடிதம் வந்ததாம். நாங்கள் இருந்தபோது எங்களை எண்ண அவர்களுக்கு இருபது வருடம் போதவில்லை. சில பேர் போனதை மட்டும் உடனே எண்ணிவிட்டார்கள்.