வாழைமரம் கட்டிய பயர் இஞ்சின்

சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைக் காட்டி, "தாத்தாவுக்குப் பின்னால இருக்கற பயர் இஞ்சினுக்கு எதுக்குப்பா வாழைமரம்?" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நின்று பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அது வெள்ளைக்காரன் காலத்து வண்டி. மேலே கூரை கிடையாது. ஆட்கள் இரண்டு பக்கமும் வெளியே பார்த்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே மர ஏணி. முன்னால் பித்தளை மணி. ஒருவர் அதைக் கையால் அடித்துக்கொண்டே போவார். பாலக்காட்டுக்கு எந்த வேலையாகப் போனாலும் பயர் ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, அந்த மணியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். உங்கள் அம்மாவுக்கு இது தெரியும். அவள் ஒன்றும் கேட்டதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வண்டியின் டிரைவர் சொன்னார்: "பூஜை முடிஞ்சு மக்யா நாளு விடியறதுக்குள்ள ஏலத்துக்குப் போயிருமுங்க."

உடனே உங்கள் மாமாவிடம் பாக்ஸ் கேமராவை இரவல் வாங்கினேன். ஃபிலிமில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் பாக்கியிருந்தது. மணி தெரிகிற மாதிரி ஒன்று எடுத்தால் போதும் என்று பூஜையன்று போனேன். வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைமரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சீட்டின்மேல் ஸ்பேனர், கோடாலி, தொப்பி எல்லாம் பொட்டு வைத்து இருந்தன. டிரைவர் என் கையைப் பார்த்தார்.

"அதென்னங்க?"

"கேமராங்க. வண்டியை ஒரு படம்..."

"கேமராவும் ஆயுதந்தானுங்க" என்று வாங்கி, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள்தானே தொடலாம்? "காத்தால வந்து எடுத்துக்குங்க."

"காத்தால வண்டி இருக்காதுங்களே?"

"கேமரா இருக்குமுங்க."

கொடுத்த பொரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது போன் அடித்தது. கொல்லங்கோட்டு ரோட்டில் வைக்கோல்போர் எரிகிறதாம். டிரைவர் ஏறி, சீட்டில் இருந்ததையெல்லாம் சீட்டடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி மணியோடும் வாழைமரத்தோடும் மச்சான் கேமராவோடும் போய்விட்டது.

சைக்கிளில் பின்னால் போனேன். ரோடெல்லாம் வாழையிலை கிடந்ததால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி குளத்தில் குழாய் போட்டுத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாழைமரம் மட்டும் மிச்சம். மணியில் வெயில் அடித்தது. சீட்டடியில் கிடந்த கேமராவை எடுத்து டிரைவர் முகத்தைப் பார்த்தேன்.

"வண்டியே வேலைக்கு வந்திருச்சு. கேமராவுக்கு மட்டும் என்னங்க லீவு?" என்றார்.

சந்தனத்தை வேட்டியில் துடைத்து, மணியை நடுவில் வைத்துக் குறி பார்த்தேன். தலைப்பாகை கட்டிய ஒருவர் ஓடி வந்தார். போருக்குச் சொந்தக்காரர்.

"ஏனுங்க, என்ற வக்கப்போரு எரியுது, நீங்க படம் புடிக்கறீங்களா?"

கேமராவை இறக்கினேன். அவர் திரும்பிப் போரைப் பார்த்தார். பாதி கரி, பாதி ஈரம்.

"செரி, எடுக்கறதுதான் எடுக்கறீங்க, என்னையும் சேத்து எடுங்க" என்று வண்டிக்கு முன்னால் போய், கல்யாணப் படத்துக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார்.

போர் எரிந்துகொண்டிருக்கிற ஒருவரிடம் தள்ளி நில்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? எடுத்துவிட்டேன்.

அதனால், இத்தனை நாள் நீங்கள் பரீட்சைக்குப் போகும்போது கும்பிட்டவர் உங்கள் தாத்தா இல்லை. மணி அவர் தலைப்பாகைக்குப் பின்னால் இருக்கிறது. நன்றாகத்தான் மினுங்கிக்கொண்டிருந்தது.