மாந்தோப்புக்குப் பால் காய்ச்சிய கதை

எங்கள் தோப்பில் முப்பத்தேழு மாமரங்கள். இருபத்தொன்பது சப்பட்டை, ஏழு பஞ்சவர்ணம். மீதி ஒன்று இன்னும் காய்க்காததால் அதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டி, வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் வரைபடத்தில் பச்சை அடித்து வைத்திருந்த பகுதியில் தோப்பு இருக்கிறது. எனக்கும் என் தம்பிக்கும் கூட்டுப் பட்டா. ராணுவத்திலிருந்து திரும்பியதிலிருந்து அவனுக்கு அதைப் பிளாட் போட்டு விற்க ஆசை. பச்சை இருக்கும்வரை அந்தப் பேச்சே எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தோம். ஆகவே அந்தப் பச்சைதான் எனக்குக் காவல்.

வருங்காலத்தில் ஊருக்கு வீடுகள் போதாதாம். பச்சைப் பகுதியில் எதையெல்லாம் குடியிருப்புக்கு விடலாம் என்று பார்க்க ஜீப்பில் ஆட்கள் வந்து போனார்கள். பிறகு வரைபடத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் ஒட்டினார்கள். முதல் பஸ்ஸிலேயே போனேன். தோப்பு மஞ்சளாக இருந்தது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. இரண்டு தெரு தள்ளி, முப்பது வருடமாக நான் குடியிருக்கும் வீடு பச்சையாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

அங்கிருந்த அதிகாரி இளைஞர், பொறுமைசாலி. வீட்டுக்குக் காரணத்தை உடனே சொல்லிவிட்டார். மேலிருந்து எடுத்த படத்தில் எங்கள் மொட்டைமாடி தெரியவில்லை, என் மனைவியின் பூசணிக்கொடிதான் தெரிந்தது. தோப்புக்கு வேறு குறிப்பு இருந்தது. கட்டுமானப் பணி நடக்கிறது. ஆதாரம், திருஷ்டி பொம்மை.

பொம்மை எங்களுடையதுதான். இந்த வருடம் பிஞ்சு பிடித்த அழகை ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தது என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. என் பழைய பேண்ட் சட்டைக்குள் வைக்கோல் திணித்து, பூசணிக்காயில் மீசை வரைந்து தலையாக வைத்து, ரோட்டோர மரத்தில் தொங்கவிட்டாள். ஜீப்பில் வந்தவர்கள் இறங்கவில்லை. பொம்மை தொங்கினால் உள்ளே கட்டடம் எழும்புகிறது என்றுதான் எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"பொம்மைய எறக்கிருங்க சார். புதன்கிழமை நேர்ல வாரேன். வெறும் மரம்னா பச்சைன்னு மாத்திருதேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஏணியை எடுத்தேன். மனைவி குறுக்கே நின்றாள்.

"கட்டுன பொம்மைய சும்மா அவுக்கக் கூடாது. பால் காய்ச்சித்தான் எறக்கணும்."

"பால் காய்ச்ச வீடு எங்க இருக்கு?"

"அது பொம்மைக்குத் தெரியுமா?"

நல்ல நேரமும் புதன்கிழமை காலையில்தான் வந்தது. நாலு பேருக்குச் சொன்னதாகச் சொன்னாள்; இருபத்தாறு பேர் வந்தார்கள். வாசல் இல்லாததால் இரண்டு மரங்களுக்கு நடுவே கோலம் போட்டாள். தம்பி சுவர்க்கடிகாரத்தோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அது அன்றைக்கு வந்த மூன்றாவது கடிகாரம்.

"ஒரு வழியா மனசு மாறிட்டியேண்ணே. எத்தனை ரூமு?"

கடிகாரங்களை வாங்கி வாங்கி மரக்கிளையில் மாட்டினேன். வேறு எங்கே மாட்டுவது?

பால் பொங்கவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது. நான் கும்பிடுவதற்குள் தம்பி அதிகாரியின் கையில் டம்ளரைத் திணித்து, எங்கள் புது வீட்டுக்கு வரவேற்றுவிட்டான். அவர் பாலைக் குடித்துவிட்டு வீட்டைத் தேடித் தோப்புக்குள் நடந்தார். மரத்தைத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். பின்னாலேயே நானும் எண்ணினேன். கணக்கு ஒத்துப்போனது.

"வீடு எங்க சார்?"

"இனிமேத்தான் கெட்டணும்" என்றான் தம்பி.

"கெட்டாத வீட்டுக்கா பால் காய்ச்சினீங்க?"

இருபத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். மனைவிதான் பதில் சொன்னாள். "வீட்டுக்கு இல்லய்யா, பொம்மைக்கு."

அவர் கொஞ்ச நேரம் கிளையில் தொங்கிய கடிகாரங்களைப் பார்த்தார். பிறகு, கட்டடம் இல்லை, பச்சை என்று எழுதினார். தம்பி முகம் செத்துப்போயிற்று. ஆனால் சாப்பிடாமல் போகவில்லை.

இறக்கிய பொம்மையைத் தூக்கிப்போட மனைவிக்கு மனம் வரவில்லை. பூசணிக்கொடிக்கும் கண் படுகிறது என்று மொட்டைமாடியில் கட்டிவிட்டாள். பச்சையாக இருந்த எங்கள் வீட்டை அதிகாரி மறுநாள் பார்க்க வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். இப்போது வரைபடத்தில் தோப்பு பச்சை, வீடு மஞ்சள். வீட்டுக்கு நேராக, கட்டுமானப் பணி நடக்கிறது என்று இருக்கிறது.

பொம்மையை இறக்கச் சொன்னால், பால் காய்ச்சாமல் முடியாது என்கிறாள். இந்தத் தடவை கடிகாரம் கொண்டுவர மாட்டேன் என்று தம்பி இப்போதே சொல்லிவிட்டான்.