சோடாக் கடையில் ஒரு பீச்சாங்கைப் படம்

ஏணியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டு, வாயில் ஓர் ஆணியைக் கவ்வியபடி, தோள் துண்டால் சுவரிலிருக்கும் படங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் சுப்பராயன். ஞாயிறு தவறாமல் நடக்கிற காரியம் இது. மாதா கோவிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெயிலுக்கு ஒதுங்கிச் சோடா குடிக்க வருகிற நேரமாகப் பார்த்துத்தான் ஏணி வெளியே வரும். வந்தவர் சோடா கேட்பதற்கு முன், "அண்ணாந்து பாருங்க முசே, எதுனா தெரியுதா?" என்று, ஐயாவுக்குப் பதில் பிரெஞ்சு முசே போட்டு, இவர் கேட்டுவிடுவார். தெரிகிறது என்றால் ஒரு கதை. தெரியவில்லை என்றால் இன்னும் பெரிய கதை. கதை முடிந்த பிறகுதான் பாட்டிலின் கோலி உள்ளே இறங்கும்.

வயது அறுபத்திரண்டு. பல் இரண்டுதான் போயிருக்கிறது. பன்னிரண்டு வயதில் பக்கத்துச் சாரம் கிராமத்திலிருந்து வெறுங்காலோடு புதுச்சேரிக்கு வந்து, யாரோ ஒருவரின் கடையில் பாட்டில் கழுவியவர். இன்று மூன்று சோடா யந்திரம், ஒரு வண்டி, இரண்டு மாடு, ஓட்டு வீடு, எல்லாம் சொந்தம். கவர்னர் மாளிகை விருந்துக்கே இவர் சோடாதான் போகிறது என்பார்; பின்வாசல் வழியாகப் போகிறது என்பதைச் சொல்லமாட்டார். "மூணாங் கிளாஸத் தாண்டாதவன் நான். தாண்டியிருந்தா இந்நேரம் எவன் ஆபீசுலயோ பேனா புடிச்சிக்கினு குனிஞ்சி கிடப்பேன்" என்று அவர் சொல்லும்போது, பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்களுக்கெல்லாம் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

சுவரிலுள்ள படங்களையெல்லாம் எடுத்த படப் பெட்டி அவர் கைக்கு வந்ததே ஒரு வேடிக்கை. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார துரையின் சாமான்களை ஏலம் போட்டார்கள். பாட்டில் கழுவ ஆகும் என்று ஒரு செம்புத் தொட்டியைக் கேட்டார் சுப்பராயன். தொட்டியை வண்டியில் ஏற்றும்போது உள்ளே எதுவோ உருண்டது. பார்த்தால், துருத்தி வைத்த படப் பெட்டி, முக்காலி, கறுப்புத் துணி, ஒரு டஜன் கண்ணாடித் தகடு. திருப்பிக் கொடுக்கப் போனால் ஏலக்காரர், "தொட்டிக்குள்ள இருந்தது தொட்டிக்காரனுக்கு" என்றுவிட்டார். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பதினோரு தகடு கறுப்பாய்ப் போயிற்று. பன்னிரண்டாவதில் அவருடைய வண்டி மாட்டின் ஒரு கொம்பும் பாதிக் காதும் விழுந்தன. "அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி, நம்ம கையில வித்தை இருக்குதுன்னு."

படத்துக்குக் காசு வாங்கமாட்டார். காசு வாங்கினால் தொழில், வாங்காவிட்டால் வித்தை என்பது அவர் கணக்கு. சோடாவுக்கு மருந்து கலக்கும் பின்கட்டிலேயே ஜன்னலுக்குச் சாக்குப் போட்டு அடைத்து, சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றி, படத்துக்கும் மருந்து கலக்குவார். "ரெண்டும் தண்ணியும் உப்புந்தானே!"

வாசல் பக்கமிருந்து முதலில் இருப்பது சொர்ணத்தின் படம். சொர்ணம் கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள். ஒரு நாள் விடியலில் சூரியன் எழும்புவதை எடுக்க மணலில் முக்காலியை நட்டு இவர் காத்திருக்க, சரியாகச் சூரியனை மறைத்துக்கொண்டு கூடையோடு வந்து நின்றாள்.

"ஏ பொம்பள, நவுறு! சூரியன மறைக்கிற!"

"எதுக்கு நவுறணும்? கடலு உன் அப்பன் ஊட்டுதா?"

ஒரு கை இடுப்பில், ஒரு கை கூடையில், வாய் திறந்தபடி அவள் நிற்க, கோபத்தில் இவர் எடுத்துவிட்டார். சூரியன் எங்கேயும் இல்லை. சொர்ணம் மட்டும் மரக்கலம் போல நிற்கிறாள். படத்தைப் பார்க்க அவளே ஒரு நாள் கடைக்கு வந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பல்லு வரிசையா விழுந்திருக்குது. திட்டுனதுதான் விழல" என்றாள். அன்றிலிருந்து சுப்பராயன் வீட்டுக்குப் போகிற வஞ்சிர மீனில் துண்டம் கொஞ்சம் பருமனாகவே இருக்கிறது.

அடுத்தது பிரெஞ்சுக்காரரின் பதினாலு ஜுலைத் திருநாளில் எடுத்தது. மெடல் குத்திய, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பழைய சொல்தாக்கள் எட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் தலை பத்து இருக்கும். அஞ்சாவது ஆள் தும்மிவிட்டார். யாராவது சிரித்தால் சுப்பராயனுக்கு மூக்கு விடைக்கும். "ஒரே ஆளு மூணு பக்கமும் பாக்குறான். சொல்தான்னா அப்படித்தான் பாக்கணும். அதுக்குன்னே எடுத்தது." தப்பு என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர்கள் ஊரில் இல்லை. சோடா புஸ்ஸென்று போனால் பாட்டிலின் குற்றம்; மாடு சண்டித்தனம் செய்தால் ரோட்டின் குற்றம்.

நடுவில், மற்றவற்றைவிட ஒரு சாண் உயரத்தில் தொங்குவதுதான் அகஸ்டினாவின் படம். வெள்ளைக் கவுன் போட்ட பெண் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். முகம் லேசாகக் கலங்கிப் பூத்தாற்போல் இருக்கும். பேனா இடது கையில் இருக்கிறது.

அகஸ்டினாவின் தாய் புஷ்பமேரி, மூன்று வீடு தள்ளியிருக்கும் தையல்காரி. புருஷன் இல்லை. ஒரே பெண். சைகோனில் சுங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் யூஜின் என்ற பையனுக்குப் பேச்சு நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணாக வேண்டும், ஒரு படம் அனுப்புங்கள் என்று அவன் கேட்டிருந்தான். முப்பத்தாறாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை. புஷ்பமேரி ஓடிவந்தாள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில சைகோன் கப்பலுக்குத் தபால் கட்டுறாங்க. எம் பொண்ணு எழுதுறாப்புல ஒரு படம் புடிச்சிக் குடுங்க. உங்கள விட்டா யாரு?"

இந்த ஊரில் நல்ல படக்கடைகள் இரண்டு இருந்தன. இருந்தாலும், "உங்கள விட்டா யாரு" என்ற பிறகு சுப்பராயன் கால் தரையில் நிற்குமா? அன்றைக்கே எடுத்தார். பேனாவைப் பெண்ணின் வலது கையில் வைத்து, விரல்களையும் தானே மடித்துவிட்டுத்தான் விலகினாள் தாய். மறுநாள் வெயில் ஏறியதும் இரண்டு காகிதத்தில் படம் போட்டார். ஒன்றை, மேல்விலாசம் எழுதுவித்துத் தாய் கொடுத்திருந்த உறையில் போட்டு ஒட்டி, ஈரம் காயுமுன் தாமே தபாலாபீசில் சேர்த்தார். அந்தப் பெருமையை இன்னொருவருக்கு விட மனசு வரவில்லை. மற்றதற்குச் சட்டம் போட்டு ஞாயிற்றுக்கிழமை புஷ்பமேரியிடம் நீட்டினார்.

அவள் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, பேனா பீச்சாங்கையில இருக்குதே!"

பெண்ணை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "நான் திரும்புன நேரத்துல கைய மாத்திக்கினியாடி? பீச்சாங்கையால சோறு போடுற மருமவள எவன்டி ஏத்துக்குவான்? கப்பல் போயிடிச்சே, மாதாவே!"

"நான் மாத்தலம்மா. நீ வெச்சது வெச்சபடிதான் இருந்தேன்" என்றாள் அகஸ்டினா. அடி விழுந்தது.

சுப்பராயன் படத்தோடு வீட்டுக்கு வந்தார். பின்கட்டில் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மருந்து பூசிய பக்கம் காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவசரத்தில் கண்ணாடியைப் புரட்டி வைத்திருக்கிறார். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் விழுந்துவிட்டது. முகம் பூத்தாற்போல் இருப்பதும் நடுவில் கண்ணாடியின் கனம் நின்றதால்தான்; அழகாக அமைந்துவிட்டது என்றல்லவா அவர் எண்ணியிருந்தார்! வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெண் கை மாற்றினாள் என்று போய்விடும். ஒரு பாட்டில் சோடாவை உடைத்துக் குடித்தார். பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மூன்று வீடும் நடந்தார்.

"புஷ்பமேரி, பொண்ணு மேல குத்தம் இல்ல. கண்ணாடியத் திருப்பி வெச்சது நானு. தப்பு என்னுது."

சொல்லி முடிப்பதற்குள் வேர்த்து ஊற்றியது. புஷ்பமேரி அழுகையை நிறுத்தினாள். "அப்படின்னா இன்னொரு படம் சரியா போட்டு, குத்தம் என்னுதுன்னு நீங்களே ஒரு கடுதாசியும் வெச்சி அனுப்பிடுங்க. நீங்க சொல்ல, இவளே எழுதட்டும்."

மறுநாள் கடையில் அகஸ்டினா காகிதத்தோடு உட்கார்ந்தாள். சரியாகப் போட்ட புதுப் படம் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சுப்பராயன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு சொன்னார். "மகாராஜராஜஸ்ரீ யூஜின் அவர்களுக்கு, புதுச்சேரி சோடா கம்பெனி சொந்தக்காரர் சுப்பராயன் எழுதிக்கொண்டது..." பெண்ணின் வலது கையில் பேனா நொண்டி மாடு மாதிரி நகர்ந்தது. இரண்டு வரிக்குள் சோடாவுக்கு ஆள் வந்தது. ஊற்றிக் கொடுத்துவிட்டு இவர் திரும்பினால், சொன்னதெல்லாம் முத்து முத்தாக எழுதி முடிந்திருக்கிறது. பேனா இடது கையில்.

பெண் கையை மறைக்கவில்லை. "சின்னதுல அம்மா இந்தக் கையில துணிப்பையக் கட்டி வெச்சிருந்தாங்க மாமா. ஆளு பாக்குறப்ப அந்தக் கை. பாக்காதப்ப இந்தக் கை."

சுப்பராயன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அடி சக்கை! அப்போ தப்பா விழுந்த படம் நெசம். சரியா போட்ட படம் பொய்யா?"

"அடுத்த வரி என்னா மாமா?"

"பெண் வலது கைக்காரி... அப்படின்னுதான்..."

"அத நான் எப்படி எழுதுவேன்?" பேனாவைக் கீழே வைத்தாள். "மொதப் படந்தான் போயிடிச்சே, அது போவட்டும். வேணாம்னா இப்பவே சொல்லிடட்டும். அங்க போயி எத்தினி வருஷம் கைய ஒளிச்சி வெச்சிக்கினு குடித்தனம் பண்றது?"

"வேணாம்னு கடுதாசி வந்தா?"

"அப்ப அந்த ஊட்டுக்கு நான் வேணாம்."

"உங்கம்மாளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேனே!"

"கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா சும்மா இருங்க."

சும்மா இருப்பது! அதுதான் அவருக்குத் தெரியாத வித்தை. கடிதத்தை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார். "இது உன் கடுதாசி. உன் இஷ்டம்." அவள் அதைக் கிழித்து, மாட்டுக்குக் கழுநீர் காய்ச்சும் அடுப்பில் போட்டுவிட்டுப் போனாள்.

பிறகு மூன்று மாதம். வேண்டாம் என்று பதில் வந்தால் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தவன் என்ற பேர் சாகிறவரை நிற்கும். புஷ்பமேரி தினமும் கடையைத் தாண்டிப் போகும்போது, "தபால் வந்திருக்குமா அண்ணே?" என்பாள். "கடல் தாண்டி வரணுமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுவின பாட்டிலையே இன்னொரு தரம் கழுவுவார். கதை சொல்வதை நிறுத்திவிட்டார். ஏணி சுவரோரம் சாய்ந்தே கிடந்தது. சோடாவில் காரம் குறைந்துவிட்டது என்றுகூட ஒருவர் சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஒரு பாட்டிலைக் கழுவினார்.

ஒரு மத்தியானம் புஷ்பமேரி கடிதத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கோவில் உபதேசியாரிடம் கொடுத்துப் படிக்கக் கேட்டிருக்கிறாள். கேட்டதை அப்படியே ஒப்பித்தாள்.

"மே மாசம் லீவுல வர்றாராம். கோவில்ல கலியாண ஓலை சொல்லிடச் சொல்றாரு. அப்புறம் என்னாவோ எழுதியிருக்காரு அண்ணே. 'என் வீட்டு எழுது மேசைக்கு ஜன்னல் வலது பக்கம் இருக்கிறது. எனக்குக் கை நிழல் விழுந்து தொந்தரவு. அகஸ்டினாவுக்குச் சரியாக இருக்கும்.' இதுக்கு என்னா அர்த்தம்? ரெண்டாவது படம் போவலியா?"

சுப்பராயன் ஒரு பாட்டிலை எடுத்து அதன் அடியை வெகு சிரத்தையாகப் பார்த்தார்.

"அண்ணே!"

"நீ கேட்டா சொல்லச் சொன்னா உன் பொண்ணு. கேட்டுட்ட. போவல."

புஷ்பமேரி அவரைத் திட்டினாள். பெண்ணைத் திட்டினாள். படப் பெட்டியைக் கண்டுபிடித்தவனையும் திட்டினாள். மூச்சு வாங்கியது. பெஞ்சியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோடா ஒண்ணு ஒடைங்க. இஞ்சி போட்டது" என்றாள். கோலி இறங்கிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது என்பார் சுப்பராயன்.

மே மாதம் ஓலை வாசித்துக் கோவிலில் கலியாணம். அதற்கு முன்தினம், மேரி என்று ஊரார் சொல்லும் நகரசபைக் கட்டடத்தில் பதிவு. படம் எடுக்கச் சுப்பராயனைத்தான் கூப்பிட்டார்கள். சரிகைத் தலைப்பாகை, பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு. நகரசபைத் தலைவரான மேருக்கே நாற்காலியை இப்படி நகர்த்துங்கள், அப்படி நகர்த்துங்கள் என்று உத்தரவு போட்டார். யூஜின் கையெழுத்துப் போட்டு முடித்தான். பெரிய பதிவுப் புத்தகத்தை அகஸ்டினாவின் பக்கம் திருப்பி வைத்தார்கள். இரண்டு குடும்பத்துச் சனமும் குமாஸ்தாக்களும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தாயை ஒரு தரம் பார்த்தாள். பேனாவை எடுத்தாள், வலது கையால்.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து சுப்பராயன் தலையை வெளியே எடுத்தார்.

"ஆச்சா, முசே?" என்று கேட்டார் மேர்.

சுப்பராயன் பெட்டியின் கண்ணுக்கு மூடியைப் போட்டுவிட்டு, அகஸ்டினாவின் சும்மா கிடந்த இடது கையைப் பார்த்தபடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.