மூன்றாவது சத்தம்

எனக்கு ஒரு மாடி கீழே இருக்கும் வீட்டின் கதவு இன்று மத்தியானம் காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டது. தொம் என்று ஒரே ஒரு சத்தம். பழைய கட்டடம், கனத்த மரக்கதவு. அதன் சத்தம் காதுக்கு வருமுன் மரப்படிகளில் ஏறி உள்ளங்காலுக்கு வந்துவிடும். முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டில் இப்போது இருக்கும் இளம் தம்பதி கதவை மெல்லச் சாத்துகிறவர்கள். நல்ல பிள்ளைகள். அவர்கள் வந்த பிறகு இந்தச் சத்தத்தை நான் கேட்டதேயில்லை. கேட்டதும், முன்பு அங்கே இருந்த அண்ணையின் துவக்கு நினைவுக்கு வந்தது.

துவக்கு என்றால், போருக்குத் தப்பி ஜெர்மனிக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு முகம் மாறும். இது கடதாசியில் அச்சடித்த வட்டங்களைச் சுடுவதற்கென்று, ஒருமுறைக்கு ஒரே தோட்டா மட்டும் கொள்கிற துவக்கு. அண்ணை கீழ் வீட்டில் என் கண்ணுக்குத் தெரிந்து இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். கருவித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரு கோடையில், மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் சுடுகலைச் சங்கத்தின் விழாவுக்குச் சொசேஜ் தின்னப் போனவர், யாரோ கையில் கொடுத்த காற்றுத் துவக்கைத் தோளில் வைத்துப் பார்த்தாராம். மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தும் அந்த இடைவெளியில் இயந்திர இரைச்சல், ஊர்ச் செய்தி, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் நின்றுபோயின என்றார். பிறகு வாராவாரம் போனார். சங்கத்தின் இரவல் துவக்குகளிலேயே வருடங்கள் போயின. ஓய்வு பெற்றபோது, தன் தோளுக்கென்று அளவெடுத்து ஒன்று செய்விக்க ஆசைப்பட்டார். தொழிற்சாலையில் பாரம் விழுந்து ஒருபக்கம் சரிந்த தோள் அது. தூரிங்கன் காட்டுப் பக்கத்தில் ஒரு துவக்குச் செய்பவர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எந்தத் தோட்டாவுக்கு அளவாகக் குழலில் அறை வெட்டுவது? வெட்டினால் வெட்டினதுதான், பிறகு மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

அந்தக் கேள்வியோடு அண்ணை ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தார். சங்கத்தில் அவருடைய கூட்டாளி, ஓய்வு பெற்ற தபால்காரர், முன்னூற்றெட்டு என்ற தோட்டாதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். எல்லாக் கடையிலும் கிடைக்கும், மலிவு, நாளைக்கு விற்றாலும் கைக்கு விலை வரும். இரண்டாவது, சுவீடன்காரரின் ஆறரை மில்லிமீட்டர். தோளில் அவ்வளவாக உதைக்காது, கடதாசியில் ஊசி குத்துவதுபோல் போகும். மூன்றாவது, இந்த நாட்டுச் சங்கங்களின் கிழட்டுத் தோட்டா, எட்டுப் பதினைந்து. வெறும் ஈயக் குண்டு, சோம்பேறி வேகம். கடையில் வாங்குவது குதிரைக்கொம்பு. தானே உட்கார்ந்து வெடிமருந்து நிறைத்துக்கொள்ள வேண்டும். தபால்காரரிடம் தகப்பன் வைத்திருந்த அப்படிப்பட்ட பழைய துவக்கொன்று இருந்தது. "அது நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகவேண்டிய சாமான், நீ ஏன் அதோடு போகிறாய்?" என்று அண்ணையைக் கேலி செய்வார்.

நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவிக்கு இதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வருடம் பிறக்கும் இரவில் ஊர் முழுக்க வாணம் விடும்போது, குளியலறைக்குள் தலையணையோடு போய் ரேடியோவை உரக்க வைத்துக்கொண்டிருப்பவள் அவள். சங்கத்தின் சிறுதுவக்குகள் வரைக்கும் பொறுத்தாள். பெரியது வருகிறதென்று தெரிந்ததும் சமையலறையில் நின்றபடி என் முன்னாலேயே சொல்லிவிட்டாள்: "செய்வியுங்கோ. நான் மகளோட போய் இருக்கிறன்." அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அண்ணை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நீரே சொல்லுமன், எந்தச் சத்தத்தோட இருக்க ஏலும் எண்டு?"

பகிடியாகக் கேட்டாரா, களைத்துப்போய்க் கேட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்கா அதை நேராக எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் அந்தப் போர் வருடங்களைக் கடந்தவர்களின் காது அப்படி. ஒரு வெடிச்சத்தம் கேட்டால் யாருடையது, எவ்வளவு தூரம், இந்தப் பக்கம் வருகிறதா என்று அடுப்பில் கறி கிண்டியபடியே சொல்வார்கள். அந்தக் காதைக் கொண்டு ஜெர்மனியில் ஒரு தோட்டாவைத் தெரிவு செய்தது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மூன்று தோட்டாவையும் கேட்டுப் பார்ப்பதென்று ஒரு சனிக்கிழமை சங்கத்துக்குப் போனோம். எங்கள் வுப்பர்டால் நகரின் வழக்கமான தூறல். "உள்ளுக்கு வரமாட்டன், வெளியில நிண்டு கேக்கிறன்" என்றாள். கார்கள் நிறுத்துமிடத்தில் ஒரு குடைக்குள் நானும் அவளும். உள்ளே அண்ணையும் தபால்காரரும், இரவல் வாங்கிய இரண்டோடும் தகப்பனின் பழையதோடும். ஒவ்வொன்றிலும் ஒரு வெடி. எது எது என்று எங்களுக்குச் சொல்வதில்லை என்பது ஒப்பந்தம்.

முதலாவது வெடித்தபோது அக்கா திடுக்கிடவில்லை. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. அவள் கை என் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தது. "இது ஆமிக்காரன்ர வெடி. குந்து பிள்ளை." நனைந்த தார்மேல் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். நாயோடு போன ஒரு கிழவி எங்களை நின்று பார்த்தாள். எழுந்து அவள் சேலைக் கரையைப் பிழியும்போது இரண்டாவது வந்தது, மெல்லியதாக, கூர்மையாக. "இது தூரத்தில. ஆனா இஞ்சாலதான் வரும்." பிறகு மழை கொஞ்சம் பலத்தது. சற்றுப் பொறுத்து அவளே கேட்டாள்: "மூண்டாவதைச் சுடேல்லையோ இன்னும்?"

"சுட்டாச்சு அக்கா. இப்ப தொம்மெண்டு கேட்டுதே, அதுதான்."

"அது எங்கட கதவெல்லே" என்றாள். "இவர் விடிய வேலையால வந்து சாத்திற மாதிரி." சொல்லிவிட்டுக் குடைக்கு வெளியே எங்கோ பார்த்தாள். இரவு முழுக்கத் தனியே படுத்து, அந்த ஒரு சத்தத்துக்குப் பிறகே கண்ணயர்ந்த வருடங்கள் அவளுக்கு இருந்திருக்கின்றன. நான் மேல் வீட்டில் இருந்தும் அதை யோசித்ததில்லை.

அண்ணை வெளியே வந்து, "என்னவாம் தீர்ப்பு?" என்றார்.

"மூண்டாவது எண்டால் வைச்சிருங்கோ. மற்றதுகளெண்டால் அதுகளோட நீங்கள் தனிய இருங்கோ."

தபால்காரர் தலையில் கைவைத்தார். அண்ணை சிரித்த சிரிப்பில் மழைத்துளி தெறித்தது. எட்டுப் பதினைந்துக்கே அறை வெட்டப்பட்டது. தோட்டா நிறைக்கும் அனுமதிக்காக, அந்த வயதில் வகுப்புக்குப் போய் ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதினார். துவக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. வந்தபோது அழகாயிருந்தது: கீழ்ப்பிடியை இறக்கினால் குழலின் பின்னாலிருக்கும் கட்டை தாழும், தோட்டா ஒன்றை வைத்து ஏற்றவேண்டும், ஒன்று போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே அடுத்ததற்கு யோசனை. அடுத்த கோடையில் அக்கா உள்ளேயே வந்தாள். பிளாஸ்டிக் கதிரையில், கொண்டைக்கு மேலால் காதுமூடி போட்டுக்கொண்டு, கண்ணை மூடி இருந்தாள். பிறகு ஒருபக்கத்தைக் கொஞ்சம் தூக்கினாள். "கேக்கட்டும்" என்றாள். அன்றைக்கு அண்ணை சுட்டவையெல்லாம் கடதாசியின் கரையில் போய் விழுந்தன. அவர் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவ்வளவுதான் அந்தத் துவக்கின் காலம். பிறகு வந்தது அக்காவின் முழங்கால் வலி. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. கெல்சென்கிர்ச்சன் நகரில் மகளின் வீட்டில் கீழே ஓர் அறை. சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் துவக்கு வேண்டாம் என்றாள் மகள். நியாயம்தான். யாரும் சண்டை பிடிக்கவில்லை. இந்த நாட்டில் எங்களுடைய ஆசைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன, ஒருவரிலும் பிழையில்லாமல், ஒரு மாடிப்படியில் களைத்து உட்கார்ந்து. துவக்கை விற்கப் பார்த்தார்கள். எட்டுப் பதினைந்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. "முன்னூற்றெட்டாயிருந்தால் ஒரு கிழமையில் போயிருக்கும்" என்றார் தபால்காரர். அண்ணை தமிழில் என்னிடம் சொன்னார்: "விக்கிறதுக்கோ தங்கச்சி செய்வித்தனான்?" பிறகு அதைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

அவர்கள் வீட்டை விட்டுப் போன நாளன்று வீட்டுக்காரரின் ஆள் கதவுத் திறப்பை வாங்க வந்து படியில் நின்றான். வெறும் அறைகளில் அண்ணை ஒருதரம் சுற்றி வந்தார். அக்கா, என் தோளைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கி முதல் வளைவுக்குப் போய்விட்டாள். கீழே மகளின் கார் காத்திருந்தது. அந்த ஆள் கதவை மெல்லச் சாத்தப் போனான். அக்கா நின்றாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மேலே பார்க்காமலே அண்ணைக்குக் குரல் கொடுத்தாள்:

"இஞ்சேருங்கோ, நீங்கள் சாத்திப்போட்டு வாங்கோ. எனக்குக் கேக்கவேணும்."