முப்பது பேரும் சொன்ன ஒரே பதில்

மூன்றாம் வருஷத்தில் எனக்கு ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு விரிவுரையாளரின் ஆய்வுக்காக ஆறு மாதம் அலைந்து தகவல் சேகரித்துக் கொடுத்தேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பட்டியலில் என் பெயரும் வந்தது. அதற்குமேல் என்னைப் பிடிக்க முடியவில்லை. ஆய்வில் சேர ஆசைப்படும் இளைய மாணவர்களுக்கு மூத்த மாணவர்கள் வழிகாட்டுவது என்று கம்பஸில் ஓர் ஏற்பாடு செய்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். புதன்கிழமை பின்னேரங்களில் கன்டீன் மூலையில் உட்கார்ந்திருப்போம். ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

என்னிடம் வந்தவள் இரண்டாம் வருஷக்காரி. அவள் நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டம், நான் றொசல்ல பக்கம். இருவரும் தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்த லயத்துப் பிள்ளைகள் என்பதால் என்னோடு ஒட்டிக்கொண்டாள். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பகலில் தண்ணீர் குடிக்கிறார்களா என்று ஆராய வேண்டும் என்றாள். மலையில் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதனால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். அவளுடைய அம்மாவுக்கு அதனாலேயே நீர்க்கடுப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அதை ஒரு கேள்வியாக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பெண்களின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்யும் விரிவுரையாளர் ஒருவர், விடுமுறையில் முப்பது பேரிடம் படிவம் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். சரியாக இருந்தால் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். குழுவில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. கிடைத்தால் படிப்பு முடிந்த பிறகு மேலே படிக்க வழி பிறக்கும். கிடைக்காவிட்டால் ஹட்டன் டவுனில் ஏதாவது ஒரு கடையில் நிற்க வேண்டியதுதான் என்று அவளே சொன்னாள்.

"அக்கா, கொழுந்து நிறுக்கிற எடத்துல போயி நின்னு பேசினாலே போதுங்க. எல்லாத்தையும் சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது ஆராய்ச்சி இல்ல, வம்பளக்கிறது. மொதல்ல தொரைகிட்ட கடிதம் குடுத்து அனுமதி வாங்கு. அந்தப் பொம்பளைங்க சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கணும். அவங்க சொல்றத அப்படியே எழுதணும். நீயா ஒன்னும் சேக்கக் கூடாது."

இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூடத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கடிதத்தை நானே எழுதிக் கொடுத்து, கூடவும் போனேன். அவளுடைய தோட்டத்து மேலாளரான துரை எங்களை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். நம் தோட்டத்துப் பிள்ளை இந்த அளவுக்கு வந்தது பெருமை என்றார். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும்போதே சொல்லச் சொல்கிறேன் என்றார். வெளியே வந்ததும் நான் அவளைப் பார்த்து, "பாத்தியா, மொறையாப் போனா எப்படி நடக்குதுன்னு" என்றேன்.

மறுநாள் மத்தியானம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தோம். பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரிசையாக வந்தார்கள். அவள் கேட்டாள், நான் எழுதினேன்.

"தண்ணி நாளைக்கு மூணு போத்தல் குடிக்கிறோங்க. கக்கூசு கிட்டத்துலயே இருக்கு. ஒரு கொறையும் இல்லைங்க."

முதல் ஆள் சொன்னபோது ஆச்சரியப்பட்டேன். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். ஐந்தாவது ஆளுக்குள் பதில் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. எல்லாரும் கிளிப்பிள்ளை மாதிரி அதே மூன்று போத்தலைச் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் மறந்துபோய், "தண்ணியா, அதெல்லாம் யாரு சொமந்துக்கிட்டுப் போறது" என்று ஆரம்பித்தார். பின்னால் நின்றவர் முதுகில் ஒன்று வைத்ததும், சிரித்துக்கொண்டே மூன்று போத்தலுக்கு வந்துவிட்டார். அவர் திருத்திச் சொன்னதைத்தான் நானும் எழுதினேன்.

பதினேழாவதாக அவளுடைய அம்மா வந்தார். கொழுந்தெடுக்கும்போது ஈரம் படாமல் இடுப்பில் கட்டும் படங்கு நனைந்திருந்தது. பெற்ற மகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "மூணு போத்தல் குடிக்கிறேங்க. ஒரு கொறையும் இல்லைங்க" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்று விதி போட்டவள் நான். எழுதினேன்.

பின்னேரம் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விஷயம் தெரிந்தது. வெளிநாட்டுக்குத் தேயிலை விற்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்காக வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து தொழிலாளர்களைக் கேள்வி கேட்பார்கள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முதல்நாளே பெரட்டில் சொல்லிக் கொடுப்பது வழக்கம். எங்கள் கடிதத்தைப் பார்த்ததும், பெரட்டு நடத்தும் கணக்கப்பிள்ளை அதே பாடத்தை நடத்திவிட்டார்.

"அவரு சொன்னாருன்னு மட்டும் இல்லம்மா," என்றார் அம்மா, ரொட்டி சுட்டுக்கொண்டே. "கம்பஸ்ல மார்க்கு போடுவாங்கல்ல? ஒரு ஆளு மாத்திச் சொன்னாலும் புள்ளைக்குத்தான கொறையும்? மலையிலயும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துக்கிட்டோம்."

பிறகு நாங்கள் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். தேயிலைச் செடிக்குள் ஒதுங்கினால் அட்டை ஏறுவது, ஆண்கள் மருந்தடிக்க வரும் நாட்களில் ஒதுங்கவே முடியாமல் அடக்கிக்கொள்வது, பெரிய பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாள் வேலைக்கே வராமல் நிற்பது என்று ஒன்றும் விடவில்லை. ஒரு ஆய்வுக்குத் தேவையான அவ்வளவும் அந்த அடுப்படியில் இருந்தது. அதில் ஒன்றையும் எங்களால் எழுத முடியாது. கையெழுத்து வைத்துக் கொடுத்த பதில் வேறாக இருந்தது.

விரிவுரையாளர் படிவங்களைச் சீட்டுக்கட்டு மாதிரிப் புரட்டினார். ஹொஸ்டலில் உட்கார்ந்து நிரப்பினீர்களா என்று மெதுவாகக் கேட்டார். உண்மையைச் சொன்னால் அவளுடைய அம்மா பொய் சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால் அவள் பொய் சொன்னதாக ஆகும். நான்தான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்லிக் கொடுத்த பதில்களை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்றார். இன்னொரு தடவை போகட்டுமா என்று கெஞ்சினேன். நாள் இல்லை என்றார். அந்த இடம் வேறொரு மாணவிக்குப் போயிற்று. நியாயமாகத்தான் போயிற்று.

படி இறங்கும்போது அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பரவாயில்லக்கா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த புதன்கிழமை அவள் கன்டீனுக்கு வரவில்லை. நானும் அதற்குப் பிறகு யாருக்கும் வழிகாட்டப் போகவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவளுடைய அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"புள்ளைய எடுக்கலையாமேம்மா. அது ஒன்னுமே சொல்ல மாட்டேங்குது. நாங்க யாராச்சும் தப்பாச் சொல்லிட்டோமா?"

"இல்லைங்கம்மா. யாரும் தப்பாச் சொல்லல."

"முப்பது பேரும் ஒன்னாத்தான சொன்னோம்?"

"ஆமாங்கம்மா, ஒன்னாத்தான் சொன்னீங்க."

"அப்புறம் ஏம்மா?"